கொழும்புக் கொள்வனவாளர்களோடு ஈடிஐ: விதி அமைக்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில் இருந்து இதை எழுதுகிறேன். எங்களிடம் அரிசியும் கச்சானும் வாங்கும் கொழும்புக் கடைத்தொடர்கள் ஒவ்வொன்றாக "இனி ஓடர் ஈடிஐயில்தான் வரும்" என்று சொல்லிவிட்டன. நாங்கள் அதற்கு மாறியது தெரிந்ததும் பரந்தன், விசுவமடு, வவுனியா, மன்னார்ப் பக்கமிருந்து ஆலைக்காரர், சங்கக் கணக்கர், பொதியிடும் நிலையத்தில் கணனி பார்க்கும் பிள்ளைகள் என்று பலர் தொலைபேசியில் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் வேறு வேறு மென்பொருள் வைத்திருப்பதால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லவில்லை. விதி எப்படி யோசிக்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொது.

ஈடிஐ என்றால் என்ன? அதில் விதி எங்கே வருகிறது?

ஈடிஐ என்பது இலத்திரனியல் தரவுப் பரிமாற்றம். ஓடர், அனுப்பு அறிவித்தல், இன்வொயிஸ் போன்றவற்றை இரண்டு நிறுவனங்களின் கணனிகள், இருவரும் ஒத்துக்கொண்ட வடிவத்தில், நேருக்கு நேர் பரிமாறிக்கொள்கின்றன. மின்னஞ்சலில் பிடிஎஃப் வந்து, அதைப் பார்த்து ஒருவர் மறுபடி தட்டச்சு செய்தால் அது ஈடிஐ ஆகாது.

வந்த செய்தியை என்ன செய்வது என்று கணனிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் விதி. யாரிடமிருந்து வந்தது, என்ன வகைச் செய்தி, எந்தப் பதிப்பு என்று பார்த்து, அவர்களுடைய வடிவத்தை எங்களுடையதாக மாற்றும் அட்டவணையை எடுத்து, சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்த்து, எங்கள் இருப்புக் கணக்கில் சேர்ப்பதா, நிறுத்தி வைப்பதா, யாருக்கு அறிவிப்பது என்று அது முடிவு செய்யும்.

இதையெல்லாம் முன்பு ஓடர் எடுக்கும் ஆள் செய்தார். "இந்தக் கடை பெட்டி என்று சொன்னால் ஆறு பைக்கற், மற்றக் கடை பெட்டி என்றால் பன்னிரண்டு" என்பது அவருடைய தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்குள் இருந்ததை எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே மென்பொருள்காரரைக் கூப்பிட முன்னர், ஓடர் எடுக்கும் அக்காவோடு அல்லது அண்ணாவோடு இரண்டு நாள் முழுக்க இருந்து, அவர் எங்கெங்கே யோசித்து முடிவெடுக்கிறார் என்று கொப்பியில் குறியுங்கள். எங்கள் விதிகளில் பாதிக்கு மேல் அப்படி ஒரு கொப்பியில் இருந்துதான் வந்தன.

எங்களுக்கு வாரத்துக்கு ஐந்தாறு ஓடர்தான் வரும். இது தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. கொள்வனவாளர் தரும் இணைய வாசலுக்குள் போய் ஓடரைப் பார்த்து, அங்கேயே பதில் போட்டால் போதும். மென்பொருளுக்கும் மாதாந்த இணைப்புக்கும் காசு கட்டுவதற்கு முன், அந்த வாசல் உங்களுக்குத் திறக்குமா என்று கேளுங்கள். ஓடரை மறுபடி தட்டச்சு செய்ய ஒருவருக்கு நாளில் பாதி போகிறது என்றால் அப்போது யோசிக்கலாம்.

எடிஃபாக்ட், எக்ஸ்12, ஈன்கொம் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எங்களுக்கு எது?

உங்கள் கொள்வனவாளர் எதைச் சொல்கிறாரோ அது. எடிஃபாக்ட் ஐக்கிய நாடுகளின் கீழ் வளர்ந்த தரம்; அதன் இலக்கணம் ஐஎஸ்ஓ 9735. ஈன்கொம் என்பது, பார்கோட் எண்கள் வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பு சில்லறை வியாபாரத்துக்கென எடிஃபாக்ட்டில் இருந்து தேவையானதை மட்டும் எடுத்துச் சுருக்கியது. எக்ஸ்12 அமெரிக்கத் தரம். 1979 இல் அதற்கான குழு அமைந்தது. அமெரிக்காவுக்குத் தைக்கும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு எக்ஸ்12 பழக்கமாக இருக்கும். அதில் 850 என்றால் ஓடர், 855 அதற்கான பதில், 856 அனுப்பு அறிவித்தல், 810 இன்வொயிஸ். எடிஃபாக்ட்டில் இவற்றுக்கு எண்ணுக்குப் பதில் ஆறெழுத்துப் பெயர்கள் உண்டு.

பதிப்பையும் கேட்டு எழுதுங்கள். ஈன்கொம் 1997 என்றால் எடிஃபாக்ட் டி.96ஏ, ஈன்கொம் 2002 என்றால் டி.01பி. விதியில் பதிப்பைக் குறிப்பிடாமல் விட்டால், அவர்கள் ஒரு நாள் பதிப்பை மாற்றும்போது உங்கள் பழைய அட்டவணை புதிய செய்தியைப் படிக்கப் பார்க்கும். சில இடங்களில் அது பிழை காட்டும். சில இடங்களில் பிழை காட்டாமலே தவறான இடத்தில் இருந்து எண்ணை எடுக்கும். இரண்டாவதுதான் பயங்கரம்.

ஒரு கொள்வனவாளருக்கு விதி எழுதத் தொடங்கும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

அவருடைய செய்தி வழிகாட்டி, அதாவது எந்த வரியில் எதைப் போடுவார் என்ற ஆவணம். அவருடைய 13 இலக்க ஜிஎல்என் இட எண். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒன்று என்று பல இருக்கலாம். இணைப்பு வகை, அதாவது கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் வழி ஏஎஸ்2 ஆ எஸ்எஃப்டிபியா என்பது. அவருடைய பொருள் எண்களுக்கும் உங்களுடைய எண்களுக்கும் இடையிலான ஒப்பீட்டு அட்டவணை. இவற்றோடு, பிரச்சினை என்றால் கூப்பிட ஒரு மனிதரின் பெயரும் நேரடித் தொலைபேசி இலக்கமும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள்.

ஓடரில் 200 என்று வருகிறது. அது மூடையா, பைக்கற்றா, கிலோவா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் முதலில் விழுந்த குழி இதுதான்.

இணைத்த முதல் வாரம். சிவப்பு நாட்டரிசிக்கு 200 என்று ஓர் ஓடர். எங்கள் கணக்கில் நாட்டரிசியின் அலகு 25 கிலோ மூடை. விதியில் "அலகு இல்லாவிட்டால் எங்கள் வழக்கமான அலகை எடு" என்று போட்டிருந்தோம். கணனி 200 மூடை, 5,000 கிலோ என்று ஏற்றுச்சீட்டு அச்சிட்டது. கடைக்காரர் கேட்டதோ 200 ஐந்து கிலோ பைக்கற், 1,000 கிலோ. லொறியில் ஏற்றத் தொடங்கிய பிறகு, மூடை அடுக்கும் ஐயா ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தக் கடைக்கு இவ்வளவும் கொண்டுபோனால் எங்க வைப்பாங்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதால் நாலு தொன் அரிசி கொழும்புக்கு வீணாகப் போய்வராமல் தப்பியது.

அதன்பிறகு நாங்கள் வைத்த விதிகள் இவை. அலகு வராவிட்டால் ஊகிக்கக் கூடாது. ஓடரை நிறுத்தி ஆளுக்கு அறிவிக்க வேண்டும். அலகு மாற்றம் "நாட்டரிசி" என்ற பெயருக்கு அல்ல, ஜிடிஐஎன் என்ற பொருள் எண்ணுக்கு எழுதப்பட வேண்டும். ஐந்து கிலோ பைக்கற்றுக்கு ஓர் எண், பத்துக் கிலோவுக்கு இன்னோர் எண், ஆறு பைக்கற் அடங்கிய பெட்டிக்கு வேறோர் எண். செய்தியில் வரும் அலகுக் குறி கேஜிஎம் என்றால் கிலோ, பிசிஈ என்றால் எண்ணிக்கை. கொள்வனவாளர் தன் வழக்கத்துக்கு வேறு குறி பாவித்தால் அதையும் அந்தக் கொள்வனவாளருக்கு மட்டும் அட்டவணையில் சேருங்கள், எல்லோருக்கும் பொதுவாகச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, அந்த ஐயா கேட்ட கேள்வியையே விதியாக்கினோம். ஒரு கடையின் வழக்கமான ஓடரைவிட மூன்று மடங்குக்கு மேல் வந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் ஏற்றுச்சீட்டு அச்சாகும். புதுவருடம், தைப்பொங்கலுக்கு முன் இது அடிக்கடி தடுக்கும். பரவாயில்லை, ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும்.

பொருளின் பெயரையோ ஊரின் பெயரையோ வைத்து விதி எழுதலாமா?

வேண்டாம். நாங்கள் கச்சான் என்கிறோம், இன்வொயிஸில் நிலக்கடலை என்று போடுகிறோம், கொழும்புக்காரரின் பட்டியலில் ஆங்கிலப் பெயர். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்குகிற அதே கச்சான்தான். ஊர்ப்பெயர் இன்னும் மோசம். முல்லைத்தீவை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள், முறிகண்டியும் அப்படித்தான். பெயரை ஒப்பிடும் விதி ஓர் எழுத்து மாறினால் பொருந்தாது.

தமிழில் எழுதி அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். எடிஃபாக்ட் செய்தியின் தலைப்பில் எந்த எழுத்துத் தொகுதி என்ற குறி இருக்கும். யுஎன்ஓஏ என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டும். யுஎன்ஓபி என்றால் சிறிய எழுத்தும் சேரும். யுஎன்ஓசி மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் வரை போகும். இந்த மூன்றிலும் தமிழுக்கு இடமில்லை. எனவே உங்கள் கணக்கு மென்பொருளில் தமிழில் இருக்கும் பெயரை அப்படியே வெளியே அனுப்பினால் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும், அல்லது முழுச் செய்தியும் திரும்பி வரும். உள்ளே தமிழில் வைத்திருங்கள், நாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். வெளியே போவதற்கு எண் போகட்டும்.

எண்ணையும் சரிபார்க்கலாம். ஜிஎல்என், 13 இலக்க ஜிடிஐஎன் இரண்டிலும் கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு 479000012345 என்று எடுங்கள். 479 இலங்கைக்குரிய முன்னொட்டு, மற்றவை நான் சும்மா போட்டவை. கூட்டினால் 67 வரும். 70க்கு 3 குறைகிறது. எனவே 13 ஆவது இலக்கம் 3. கையால் எண் அடிக்கும் இடங்களில் இந்தச் சோதனையை விதியாக வைத்தால் ஒற்றை இலக்கப் பிழை எல்லாம் பிடிபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் அநேகமாகப் பிடிபடும். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும்.

ஒப்புகை வந்துவிட்டது. ஓடரையோ இன்வொயிஸையோ ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தமா?

இல்லை. ஒப்புகையில் மூன்று படி உண்டு. ஏஎஸ்2 இணைப்பில் வரும் எம்டிஎன், கோப்பு சேதமில்லாமல் கைக்கு வந்தது என்று சொல்லும். எடிஃபாக்ட்டில் கொன்ட்ரோல், எக்ஸ்12 இல் 997, இலக்கணம் சரி என்று சொல்லும். ஓடருக்கான பதில் செய்திதான் "இந்த அளவு, இந்தத் திகதிக்குத் தருகிறோம்" என்ற வியாபாரச் சம்மதம். தபாற்காரர் கடிதத்தைக் கொடுத்ததையும், பெற்றவர் பிரித்து வாசித்ததையும், சரி என்று பதில் எழுதியதையும் நாம் குழப்புவதில்லை அல்லவா?

விதியில் இரண்டு விஷயம் வையுங்கள். நீங்கள் அனுப்பிய செய்திக்குக் குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அறிவித்தல் வர வேண்டும். எத்தனை மணித்தியாலம் என்பதைக் கொள்வனவாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். மற்றது, ஒப்புகைச் செய்திக்கு ஒப்புகை அனுப்பாதீர்கள். அனுப்பினால் அது முடிவில்லாமல் சுற்றும்.

ஒரே ஓடர் இரண்டு தரம் வந்தால்?

வரும். எங்கள் பக்கம் சிக்னல் அறுந்து எம்டிஎன் திரும்பிப் போகாவிட்டால், அவர்களுடைய கணனி சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். அது அதன் கடமை.

ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் அதன் உறையில், அதாவது செய்தியைச் சுற்றி வரும் பகுதியில், ஒரு கட்டுப்பாட்டு எண் உண்டு. அதே அனுப்புநரிடமிருந்து அதே எண் வந்தால் நிராகரி என்று பெரும்பாலான மென்பொருளில் ஒரு வசதி இருக்கும். நாங்களும் அதை மட்டும் நம்பியிருந்தோம். ஒரு மாரிகாலத்தில், அந்தப் பக்கத்தில் ஒருவர் கையால் மறுபடி அனுப்பியிருக்கிறார். உள்ளே ஓடர் இலக்கம் அதேதான், ஆனால் கணனி புதிய உறை போட்டு, புதிய கட்டுப்பாட்டு எண் கொடுத்து அனுப்பியது. எங்கள் விதி உறையைப் பார்த்தது, கடிதத்தைப் பார்க்கவில்லை. முதல் லொறி மாங்குளம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது இங்கே இரண்டாவது லொறி ஏற்றிக்கொண்டிருந்தோம்.

ஆகவே இரண்டு மட்டத்திலும் பாருங்கள். கட்டுப்பாட்டு எண் ஒன்று, கொள்வனவாளரும் ஓடர் இலக்கமும் சேர்ந்தது இன்னொன்று. ஓடர் இலக்கம் ஏற்கெனவே இருந்தால் உடனே தூக்கி எறியவும் கூடாது. செய்தியின் செயற்குறியைப் பாருங்கள்: 9 என்றால் மூலம், 5 என்றால் முந்தியதற்குப் பதிலாக, 1 என்றால் இரத்து, 7 என்றால் பிரதி. 9 என்று மறுபடி வந்து, உள்ளடக்கம் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தால் பிரதி என்று குறித்து ஒதுக்கலாம். 9 என்று வந்தும் அளவு மாறியிருந்தால், அவர்கள் 5 போட மறந்திருக்கிறார்கள். நிறுத்தி வையுங்கள், கூப்பிட்டுக் கேளுங்கள்.

மாற்றச் செய்தி, அது மாற்ற வேண்டிய ஓடருக்கு முன்னரே வந்துவிட்டது. என்ன செய்வது?

காத்திருக்க வைக்கும் விதி வேண்டும். சேர்வதற்கு ஓடர் இல்லை என்று அதை அழித்துவிட்டால், பிறகு வரும் பழைய ஓடர்தான் நிற்கும்.

பல விதிகள் ஒரே செய்திக்குப் பொருந்தினால் எது ஓடும்?

முதலில் உங்கள் மென்பொருளில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சிலவற்றில் மேலிருந்து கீழே வந்து முதலில் பொருந்துவது மட்டும் ஓடும். சிலவற்றில் பொருந்துவது எல்லாம் வரிசையாக ஓடும். முதல் வகையில் குறுகிய விதி மேலே, பரந்த விதி கீழே இருக்க வேண்டும். "இந்தக் கொள்வனவாளர், இந்தக் களஞ்சியம், ஓடர்" என்பது மேலே. "இந்தக் கொள்வனவாளர், எந்த ஓடரும்" என்பது அதற்குக் கீழே. "யாராக இருந்தாலும் ஏற்றுக்கொள்" என்ற ஒன்றை அவசரத்துக்கு மேலே போட்டுவிட்டால் கீழே இருக்கும் மற்ற எல்லா விதிகளும் செத்துக் கிடக்கும், யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு விதி: எதுவும் பொருந்தாவிட்டால் நிறுத்தி வை, அறிவி. இதில் நான் யாரோடும் விட்டுக்கொடுப்பதில்லை. தெரியாததை ஏற்றுக்கொள்ளும் கணனி வேகமாக வேலை செய்வதுபோலத் தெரியும், ஆனால் அந்தப் பிழை மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் வெளியே வரும்.

விலை கொஞ்சம் வித்தியாசமாக வந்தால் ஏற்கலாமா?

எவ்வளவு கொஞ்சம் என்பதை முதலாளியும் கணக்காளரும் எழுத்தில் தரட்டும். அரிசி விலை அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருப்பதில்லை, அதனால் எங்கள் விலைப்பட்டியலில் ஒவ்வொரு விலைக்கும் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. ஓடர் திகதிக்கு உரிய விலையோடு ஒப்பிட வேண்டும், இன்றைய விலையோடு அல்ல.

வற், அதாவது பெறுமதி சேர் வரி, பற்றி ஒன்று. விகிதத்தை விதிக்குள் எண்ணாக எழுதாதீர்கள். 2024 ஜனவரி 1 ஆம் திகதி 15 சதவீதம் 18 ஆனபோது, விதிக்குள் 15 என்று எழுதி வைத்தவர்கள் எங்கெங்கே எழுதினோம் என்று தேடித் திரிந்தார்கள். திகதியோடு கூடிய ஓர் அட்டவணையில் வைத்து, விதி அங்கிருந்து எடுக்கட்டும்.

அப்புறம் சதக் கணக்கு. வற் பொருந்தும் பொருள் இன்வொயிஸில் மூன்று வரியில் 1,010.03 ரூபாய் வீதம் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் 18 சதவீதம் வற் போட்டு முழுமையாக்கினால் 181.81, மூன்றும் 545.43. மொத்தம் 3,030.09க்கு ஒரேயடியாகப் போட்டால் 545.42. ஒரு சதம்தான் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு சதத்துக்காக முழு இன்வொயிஸும் திரும்பி வரும், காசு அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். கொள்வனவாளர் எந்த முறையில் கூட்டுகிறார் என்று கேட்டு அதே முறையில் விதியை அமையுங்கள். விவசாயிக்கு நெல்லுக்குக் காசு கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். ஒரு சுற்றுத் தள்ளிப்போவது எங்களுக்குச் சின்ன விஷயம் அல்ல.

திகதி, விடுமுறை நாட்களை எப்படிக் கையாள்வது?

எடிஃபாக்ட்டில் திகதியோடு ஒரு வடிவக் குறி வரும். 102 என்றால் ஆண்டு, மாதம், நாள் என்று எட்டு இலக்கம்: 20250304. குழப்பமில்லை. ஆனால் சில கொள்வனவாளர் எக்செல் கோப்பு அனுப்புவார்கள். அதில் 04/03 என்று இருந்தால் மார்ச் 4 ஆ ஏப்ரல் 3 ஆ என்று கேட்டுத்தான் விதி எழுத வேண்டும். எந்தத் திகதி என்பதும் முக்கியம்: 137 என்ற குறி ஆவணத்தின் திகதி, 2 என்ற குறி கேட்கப்பட்ட விநியோகத் திகதி.

விடுமுறை அட்டவணையை ஒவ்வொரு வருடமும் கையால் போடுங்கள். போயா நாட்களில் பொருள் ஏற்காத களஞ்சியங்கள் உண்டு. எங்கள் பக்க நாட்களையும் சேருங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலன்று எங்களிடம் மூடை ஏற்ற ஆள் இருக்காது, அதை எந்த மென்பொருளும் தெரிந்து வைத்திருக்காது. விநியோகத் திகதி அப்படி ஒரு நாளில் விழுந்தால், விதி தானாகத் திகதியை மாற்றக் கூடாது. புதிய திகதியை முன்மொழிந்து பதில் செய்தி தயாரித்து, ஆள் பார்த்து அனுப்பட்டும்.

விலாசத்தில் ஒரு மேற்கோள் குறி இருந்ததால் செய்தி முழுவதும் உடைந்துவிட்டது. ஏன்?

எடிஃபாக்ட்டில் ' என்ற குறி ஒரு வரி முடிந்தது என்று அர்த்தம். + வரிக்குள் உள்ள பகுதிகளையும் : அதற்குள் உள்ள சிறு கூறுகளையும் பிரிக்கும். சென் அந்தோனீஸ் வீதி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் அந்த ' குறி வந்துவிடும். பெறும் கணனி வீதிப் பெயரின் நடுவில் வரி முடிந்தது என்று நினைக்கும். அதற்கு முன் ? போட்டு அனுப்பினால் "இது வெறும் எழுத்து" என்று விளங்கிக்கொள்ளும். மென்பொருள் தானாகப் போட வேண்டும், போடுகிறதா என்று ஒரு தரம் சோதியுங்கள்.

இதே இனத்து இன்னொரு தொல்லை, முன்னால் வரும் பூச்சியம். கடைக் குறி 0047 என்பதை எக்செல்லில் திறந்து சேமித்தால் 47 ஆகிவிடும், விதி பொருந்தாது. குறிகளை எப்போதும் எழுத்தாகவே வையுங்கள், எண்ணாக அல்ல.

அனுப்பு அறிவித்தலை எப்போது அனுப்ப வேண்டும்?

லொறி வாசலை விட்டு வெளியேறும்போது. ஓடரைப் பிரதி எடுத்து அனுப்பு அறிவித்தலாக அனுப்பும் விதியைச் சிலர் வைத்திருக்கிறார்கள், சுலபம் என்று. 200 கேட்டு 180 ஏற்றினாலும் 200 என்று போகும். அங்கே எண்ணும்போது 20 குறையும். பிறகு களவா குறைவா என்று சாரதியைத்தான் கேட்பார்கள். எவ்வளவு தூரம் லொறி ஓட்டிப் போன மனிதர் அவர். ஏற்றி முடித்து எண்ணிய எண்ணிக்கையில் இருந்துதான் அறிவித்தல் உருவாக வேண்டும். கேட்ட அளவுக்கு 21, அனுப்பிய அளவுக்கு 12, இன்வொயிஸ் அளவுக்கு 47 என்று எடிஃபாக்ட்டே தனித்தனிக் குறி வைத்திருப்பது இதற்காகத்தான். இன்வொயிஸ் விதியும் 21 இல் இருந்து அல்ல, 12 இல் இருந்து எடுக்கட்டும்.

எப்படிச் சோதிப்பது?

எடிஃபாக்ட் உறையில் சோதனைக் குறி என்று ஓர் இடம் உண்டு. 1 என்றால் சோதனை. அப்படி வருவது இருப்புக் கணக்கைத் தொடாமல் தனி இடத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் நீங்கள் எழுதும் முதல் விதியாக இருக்கட்டும்.

நல்ல செய்தியை அனுப்பிச் சரி என்று மகிழ்ந்து நிறுத்தாதீர்கள். கெட்டதை அனுப்புங்கள். அலகு இல்லாத ஓடர், தெரியாத பொருள் எண், நேற்றைய விநியோகத் திகதி, இரண்டு தரம் அனுப்பிய ஓடர், அளவு பூச்சியம், ' குறி உள்ள விலாசம். ஒவ்வொன்றும் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு இரண்டு வாரமாவது பழைய முறையையும் ஈடிஐயையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, நாள் முடிவில் இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான். எங்கள் அலகுப் பிழையை நாங்கள் அப்படிச் செய்யாததால்தான் லொறி வரை கொண்டுபோனோம்.

விதியை யார், எப்போது மாற்றலாம்?

ஒருவர் மாற்ற, இன்னொருவர் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய விதியை அழிக்காமல் முடிவுத் திகதி போட்டு வையுங்கள். ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். காலபோக அறுவடை வந்து, நெல் லொறிகள் வாசலில் வரிசையாக நிற்கும் நாட்களில் எந்த விதியையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் பிழை வந்தால் உட்கார்ந்து யோசிக்க எங்கள் யாருக்கும் அவகாசம் இருக்காது.

கையொப்பமில்லாத கணனிச் செய்தி சட்டப்படி செல்லுமா?

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் பதிவுகளையும் அவ்வழியே செய்யும் ஒப்பந்தங்களையும் அங்கீகரிக்கிறது. இருந்தாலும் கொள்வனவாளரோடு ஒரு பரிமாற்ற உடன்படிக்கை எழுதுங்கள். எந்தக் கணத்தில் ஓடர் கிடைத்ததாகக் கணக்கு, பிழை வந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். வந்த கோப்பை வந்த மாதிரியே, மாற்றப்படாத வடிவில், தனியாகச் சேமியுங்கள். பிணக்கு வந்தால் அதுதான் கையில் இருக்கும் சாட்சி.

கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் முதலில் என்ன பார்ப்பது?

சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடிமின்னலோடு இது எங்களுக்கு வாடிக்கை. கணனிக்கும் ரவுட்டருக்கும் ஒரே யுபிஎஸ்ஸில் கரண்ட் கொடுங்கள். கணனி மட்டும் உயிரோடு இருந்து ரவுட்டர் செத்தால் பயனில்லை.

திரும்பி வந்ததும், வெளியே போகக் காத்திருக்கும் வரிசையைத் திறக்க முன்னர், கடைசியாக வெற்றிகரமாகப் போன கட்டுப்பாட்டு எண் எது என்று பாருங்கள். பாதியில் நின்ற செய்தி அங்கே சேர்ந்ததா இல்லையா என்று கொள்வனவாளரின் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதற்காகத்தான் தொடக்கத்திலேயே பெயரும் இலக்கமும் வாங்கி வைக்கச் சொன்னேன். சேரவில்லை என்றால் அதே எண்ணோடு மறுபடி அனுப்புங்கள், புதிய எண் போடாதீர்கள். பிறகு உள்ளே வந்தவற்றைத் திறவுங்கள். நிறுத்தி வைக்கப்பட்டவற்றின் பட்டியலை அச்சிட்டு, ஏற்றும் இடத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். எங்கள் ஆலையில் அந்தப் பிரதி, மூடை அடுக்கும் ஐயாவின் கையில் கொடுக்கப்படுகிறது.